மிச்ச மாத்திரை

ஜன்னத் இரண்டு விரல்களைக் கணவனின் வாய்க்குள் விட்டுத் துழாவினாள்.

"துப்புங்க. முழுங்கிடாதீங்க. துப்புங்கன்றேன்ல."

ஷஃபியுல்லா மிரண்டு போய் அவளைப் பார்த்தார். தண்ணீர் தாடியில் வழிந்தது. மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாய் நழுவி, கன்னத்தில் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. நாக்குக்கு அடியில் வழுக்கிய கேப்ஸ்யூலை நகத்தால் நெம்பி வெளியே எடுத்ததும் அவரை இருமல் பிடித்துக்கொண்டது. மகள் ஃபஹ்மிதா அடுப்படியிலிருந்து ஓடிவந்து முதுகைத் தாங்கினாள்.

"என்னம்மா ஆச்சு? அத்தாவ ஏன் இப்படிப் பண்றே?"

பட்டை ஈரமாகிவிட்டது, அதனால்தான் என்று ஜன்னத் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மாத்திரைப் பட்டையை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். தப்பாகப் படித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இன்னொரு முறை பார்த்தாள். தப்பில்லை.

மருந்து வாங்கினால் காலாவதித் தேதியைப் பார்ப்பது அவள் வழக்கம். கீழ் வரியை மட்டும்தான் பார்ப்பாள். இன்று கட்டைவிரல் கீழ் வரியை மறைத்துவிட்டதால், கண் மேல் வரிக்குப் போனது. தயாரித்த தேதி அச்சாகியிருந்த வரி.

அடுத்த மாதம் என்று போட்டிருந்தது.

இன்னும் பிறக்காத மாதத்தில் செய்த மருந்து. அதைத்தான் அவர் மூன்று வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதைவிட மோசமான விஷயம் ஒன்றும் இருந்தது. அந்தப் பட்டை ஒரு செத்த மனிதனுடையது.

லப்பைக்குடிகாட்டில் ஓமான், துபாய் என்று போகாத வீடு குறைவு. ஷஃபியுல்லா ஓமானில் கல் அறுக்கும் பட்டறைக்குப் போனார். திரும்பி வந்தபோது பெட்டியோடு மூச்சிரைப்பும் கூடவே வந்தது. பெரம்பலூர் நெஞ்சு டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து, நுரையீரல் முற்றிய பீர்க்கங்காய் போலக் காய்ந்து நார்நாராகிக்கொண்டிருக்கிறது என்றார். கெட்டது கெட்டதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு கேப்ஸ்யூல் இருக்கிறது என்றும் சொன்னார். அதை ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிதான் செய்தது. விலையைக் கேட்டபோது ஜன்னத்துக்கே மூச்சு நின்றது.

அந்தக் கிளினிக் பெஞ்சில்தான் மற்றவர்கள் பழக்கமானார்கள். அரியலூர் அமிர்தலிங்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தவர். அவர் மனைவி சுந்தராம்பாள். குன்னம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஜெயசுதா. முப்பது வயதைத் தாண்டிய ஜெயசுதாவுக்கும் அதே நோய். எதனால் வந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. கணவன் முத்தமிழ்செல்வனுக்குப் புதுச்சேரிப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை என்பாள். அவனைப் பெஞ்சில் யாரும் பார்த்ததில்லை. தனியாகவே பஸ் ஏறி வருவாள்.

பட்டையில் போட்டிருந்த அந்த மாதத்தில் விலை இறங்கும் என்று பெஞ்சுக்குச் சொன்னதே அவள்தான்.

"கண்டுபிடிச்சவனுக்கு இருபது வருஷத்துக்கு பட்டா குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் வேற எவனும் அந்த வயல்ல எறங்க முடியாது. பட்டா முடிஞ்சுதுன்னா புறம்போக்கு. யாரு வேணாலும் ஏரு பூட்டலாம். நம்மூரு கம்பெனிங்க எல்லாம் வரப்புல நிக்குறானுங்க. வெல பத்துல ஒரு பங்கா வுழும் பாருங்க."

"அதுவரைக்கும்?" என்று அமிர்தலிங்கம் கேட்டார்.

"அதுவரைக்கும் மூச்சு வுட்டுக்கிட்டே இருங்க. அது ஒண்ணுதான் வேலை."

பட்டா முடிய இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அதுவரை ஷஃபியுல்லாவை மூச்சுவிட வைத்துவிட வேண்டும். ஜன்னத்துக்கும் அது ஒன்றுதான் வேலை.

பெஞ்சில் இன்னொரு வழக்கமும் இருந்தது. முதலில் போய்ச் சேர்ந்தவர் வேப்பந்தட்டைக்காரர் ஒருவர். அவர் மனைவி மீதியிருந்த கேப்ஸ்யூல்களைக் கொண்டுவந்து ஜெயசுதாவின் மடியில் வைத்து, வேண்டாம் என்று சொல்லிவிடாதே, அவருக்கு நெஞ்சு அடைக்கும் என்றாள். அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. போனவரின் மிச்சம் இருப்பவருக்கு. கொண்டுவருபவர் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. வாங்குபவர் எதுவும் கேட்கக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, மறுக்கவும் கூடாது.

போன மாதம் அப்படித்தான் ஒருவன் பைக்கில் வந்தான். தலையில் ஹெல்மெட், முகத்தில் மாஸ்க். கிழிந்த சீட்டின் மேல் உரச்சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, அமிர்தலிங்கம் தவறிட்டாருங்க, இது அவரு மிச்சம் என்று ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போய்விட்டான். ஜன்னத் அழுதுகொண்டே ஜெயசுதாவுக்குச் செய்தி அனுப்பினாள். ஆமாம் அக்கா, அண்ணன் போய்ட்டார், பட்டையில் பேர் வேற மாதிரி இருந்தாலும் மருந்து அதேதான், குடுங்க என்று பதில் வந்தது. ஜன்னத் கணவனிடம் அந்தச் சாவை மறைத்துவிட்டாள். துபாயிலிருந்து வந்த ஆள் மூலம் மகன் அஸ்லாம் கொடுத்தனுப்பிய மருந்து என்று சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து இருமியவன் போய்விட்டான் என்று தெரிந்தால் இவர் பாதி போய்விடுவார்.

அதன் பிறகு அதே ஆள் வாரா வாரம் வந்தான். வீட்டில் தேடத் தேட மிச்சம் கிடைக்கிறதாம். எல்லாப் பட்டையிலும் ஓர் ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் முதல் குழி மட்டும் காலி. சாகக் கிடந்த மனிதர் பட்டைக்கு ஒன்றாகவா பிய்த்துச் சாப்பிட்டிருப்பார்? அன்று அது உறுத்தவில்லை. செத்தவர் பொருளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

இப்போது உற்றுப் பார்த்தாள்.

டாக்டர் வெளிநாட்டில் இருக்கும் தன் மகளைப் பார்க்கப் போயிருந்ததால் கிளினிக் அந்த மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. ஜெயசுதாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக் கட் ஆனது. உடனே செய்தி வந்தது. 'பேசினா இருமல் வருதுக்கா.' ஒரு மாதமாகவே அப்படித்தான். முன்பெல்லாம் விடிந்ததும் ஜெயசுதாவின் குரல் பதிவு வரும், அண்ணன் மூச்சு வுடுறாரா என்று சிரித்தபடி. இப்போது அதே கேள்வி எழுத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தது. தேதி விஷயத்தை எழுதிக் கேட்டாள் ஜன்னத். 'ஒண்ணும் ஆகாதுக்கா. தைரியமா குடுங்க.'

எப்படித் தைரியமாகக் கொடுப்பது? கொடுக்காமலும் இருக்க முடியாது. முன்பு ஒருமுறை மருந்து இல்லாமல் விட்டபோது அவர் உதடு நாவற்பழம் சாப்பிட்ட மாதிரி ஆனது இன்னும் அவள் கண்ணில் நின்றது.

நான் போன் பண்ணும் வரை மாத்திரை கொடுக்காதே என்று மகளிடம் சொல்லிவிட்டு, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் மாறினாள். துக்கம் கேட்கவே போகாத வீட்டுக்கு, செத்தவருக்கு இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்கப் போகிறாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள்.

அரியலூரை நெருங்க நெருங்க எல்லாம் வெளுத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டில் வேப்பமரம் கூட வெள்ளையாக நின்றது. அமிர்தலிங்கத்தின் வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் கல்லாய்ப் போன சங்குகளும் சிப்பிகளும் வரிசையாக இருந்தன. சுரங்கத்தில் கிடைத்தவை. எப்போதோ இங்கே கடல் இருந்ததாம். அவர் பெஞ்சில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சுந்தராம்பாள் வாசல் குழாயடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலிக்கயிறு, புது மஞ்சளோடு.

ஜன்னத்தைவிட அதிகமாக வெளிறியவள் சுந்தராம்பாள்தான். குடம் கையிலிருந்து நழுவி உருண்டது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஓடிப்போய் வாசல் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். பிறகு ஜன்னத்தின் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துப் போனாள்.

"என்ன தங்கச்சி நீ? உங்க வழக்கத்துல நாலு மாசம் வெளிய வரக் கூடாதாமே. இத்தா இருக்கணுமாமே. இப்படி வந்து நிக்கிறியே."

"நான் ஏங்க்கா இத்தா இருக்கணும்?"

சுந்தராம்பாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"மெதுவாப் பேசு. அவரு காதுல வுழுந்துடப் போவுது. உங்க வூட்டுக்காரரு தவறுன சேதிய அவருகிட்ட நான் இன்னும் சொல்லலை."

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. இரண்டிரண்டாக வரும் இருமல், கடைசியில் ஒரு விசில். பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஒவ்வொருவர் இருமலும் தெரியும். அமிர்தலிங்கத்தின் இருமலை இருட்டில் கேட்டாலும் ஜன்னத் சொல்லிவிடுவாள்.

செத்தவர் இருமிக்கொண்டிருந்தார்.

விவரம் புரிய இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது இருவருக்குமே சந்தோஷப்பட வரவில்லை. ஒவ்வொருத்தியும் மற்றவளின் கழுத்தையும் முகத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள். அதே மாதத்தில், அதே உரச்சாக்குப் பைக்கில், அதே மாஸ்க் போட்டவன் இங்கேயும் வந்திருக்கிறான். ஷஃபியுல்லா மௌத்தாயிட்டாருங்க, இது அவரு மிச்சம் என்று சொல்லியிருக்கிறான். சுந்தராம்பாள் உள்ளே போய்ப் பட்டையை எடுத்துவந்தாள். அதே கோணல் வெட்டு. முதல் குழி காலி. மேல் வரியில் அடுத்த மாதம்.

"நான் கேட்டேனே. ஜெயசுதா ஆமான்னுதானே எழுதுச்சு" என்றாள் சுந்தராம்பாள்.

"எனக்கும் அதான் எழுதுச்சு."

ஓர் ஆள் இரண்டு வீட்டில் சாவு சொல்லியிருக்கிறான். பேசக்கூட முடியாமல் கிடக்கும் ஒரு பெண் இரண்டுக்கும் சாட்சி சொல்லியிருக்கிறாள். எதற்கு? என்ன மருந்து இது? அமிர்தலிங்கம் எப்படி இருக்கிறார் என்று ஜன்னத் கேட்டாள். நேற்று குழாயைக் கழற்றிவிட்டுக் கொல்லை வரை நடந்தார் என்றாள் சுந்தராம்பாள். அதைச் சொன்னபோதும் அவள் குரலில் பயம்தான் இருந்தது. ஷஃபியுல்லாவும் இரண்டு வாரமாக உட்கார்ந்தபடி தூங்குவதில்லை, படுத்தே தூங்குகிறார். ஜன்னத்துக்கு இப்போதுதான் அது உறைத்தது.

திரும்பும் பஸ்ஸில் குன்னத்துக்கு டிக்கெட் எடுத்தாள்.

பெட்டிக்கடையில் இருந்த பெண்ணிடம் மனு எழுதும் ஜெயசுதா வீடு எது என்று கேட்டாள். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜன்னத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணு வூடா என்று மட்டும் கேட்டு, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய ஓட்டு வீட்டைக் கைகாட்டினாள்.

வாசலில் பைக் நின்றது. சீட்டில் உரச்சாக்கு.

ஜன்னத் அங்கேயே நின்று, ஜெயசுதாவின் எண்ணுக்கு ஒரு வரி அனுப்பினாள். 'எங்கே இருக்கே?'

உள்ளே போன் சிணுங்கியது. கதவைத் திறந்தவனின் சட்டைப் பையில் சிணுங்கியது.

மெலிந்த ஆள். மாஸ்க் இல்லாத முகத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் வாங்கக்கா என்ற குரல் கேட்டிருந்த குரல்தான். அவன் ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒதுங்கி வழிவிட்டான். நான் முத்தமிழ்செல்வன், ஜெயசுதா வூட்டுக்காரன் என்றான்.

திரை போட்ட உள் அறையிலிருந்து ஆக்சிஜன் மெஷின் சத்தம் வந்தது. ஒரே சீரான முனகல், நடுநடுவே ஒரு பெருமூச்சு. அவள் வீட்டில் கேட்கும் அதே சத்தம். அதைக் கேட்டதும் ஜன்னத்துக்குப் பாதிக் கோபம் வடிந்தது.

"தூங்குதா?"

"தூங்குறா" என்றான்.

ஜன்னத் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பட்டையை அவன் முன்னால் நீட்டி, என் புருஷன் இதை விழுங்கலாமா கூடாதா, அதை மட்டும் சொல் என்றாள்.

விழுங்கலாம் என்றான். அவனுக்கு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பட்டா முடியும் நாள் விடிந்ததும் கடையில் மருந்து இருக்க வேண்டும் என்றால் அன்றைக்கு அடுப்புப் பற்ற வைத்தால் நடக்குமா என்று கேட்டான். முன்கூட்டியே செய்து, தேதியை மட்டும் பின்னால் போட்டு, கோடவுனில் அடுக்கிவிட்டார்கள். செய்யலாமா என்றால் கூடாது. செய்தார்கள். மெஷினில் வெட்டு கோணலாகிப்போன பட்டைகளை எரிக்கப் போடுவார்கள். எரிக்கப் போனதைத்தான் அவன் எடுத்து வந்திருக்கிறான். பட்டைதான் கோணல், உள்ளே இருப்பது சுத்தம். உள் பாக்கெட்டிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்துக் காட்டினான். பட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த அதே பெயர்.

"அதுக்கு ஏன்பா ரெண்டு பேரைக் கொன்ன?"

அவன் தரையைப் பார்த்தான்.

"பில்லு இல்லாத, கடைக்கே வராத மாத்திரைய எவனோ கொண்டாந்து குடுத்தா வாங்குவீங்களாக்கா? மிச்சம்னு சொன்னாத்தான் கேள்வி கேக்காம வாங்குவீங்க. அது உங்க பெஞ்சுச் சட்டம். அவதான் சொல்லியிருக்கா. மிச்சம்னா யாராவது செத்திருக்கணுமே."

இத்தனை நாளாகத் தான் விட்ட கண்ணீரை ஜன்னத் நினைத்தாள். இவன் முகத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வீட்டில் மாத்திரை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் கொல்லை வரை நடந்திருக்கிறார். இவர் படுத்துத் தூங்குகிறார். போனை எடுத்தாள்.

"ஃபஹ்மிதா. அத்தாவுக்கு மாத்திரையக் குடு. ஆமா, அதேதான். நான் சொல்றேன், குடு."

மகள் தண்ணீர் ஊற்றும் சத்தமும், அவர் விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமும் சத்தமும் கேட்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, அரியலூரில் வாங்கிவந்த எண்ணில் சுந்தராம்பாளுக்கும் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அவள் ஓவென்று அழுதாள்.

கிளம்ப எழுந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"ஜெயசுதா குடுத்துவுட்டுச்சுன்னு சொல்லியிருந்தா நாங்க வாங்கியிருக்க மாட்டோமா? அது சொன்னா விஷத்தக்கூட முழுங்குவோமே."

முத்தமிழ்செல்வன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இவ்வளவு தூரம் வந்துட்டேன். எழுப்ப மாட்டேன். ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்."

அவன் தடுக்கவில்லை. ஜன்னத் திரையை விலக்கினாள்.

கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் தண்ணீரில் குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்தன. அதிலிருந்து கிளம்பிய குழாய் தலையணை நடுவில் படுத்திருந்தது. அதன் இரண்டு சின்ன மூக்குத் துளைகளும் யாருமில்லாத இடத்தில் காற்றை ஊதிக்கொண்டிருந்தன. உறையில் ஒட்டியிருந்த ஒரு நீள முடி அந்தக் காற்றில் எழுவதும் அடங்குவதுமாக இருந்தது.

தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் கேப்ஸ்யூல்கள் கிடந்தன. ஒவ்வொரு பட்டையின் முதல் குழியிலிருந்தும் எடுத்தவை.

"மொதல் மாத்திரைய அவளுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் உங்களுக்குக் கொண்டாருவேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "செத்துட்டாங்கன்னு சொல்ல யாரு பேரு வேணாலும் வாயில வந்துச்சுக்கா. அவ பேரு மட்டும் வரலை."

சட்டைப் பையிலிருந்த போனை அவன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"மொதப் பட்டை என் கைக்குக் கெடைச்ச அன்னைக்குத்தான் காலையில அவளுக்குப் பால் தெளிச்சுட்டு வேலைக்குப் போயிருந்தேன்."